வாய்தாவின் விலை: உச்ச நீதிமன்ற நீதியரசர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்பமை நீதியரசர்களுக்கு,

வணக்கம். தென் தமிழ்நாட்டில் ஒரு முன்சீப் நீதிமன்றத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக வழக்காடி வருகிறேன். வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, வாடகை பாக்கி, காசோலை வழக்கு என்று போகிறது என் நாள். உங்கள் முன் நின்று வாதாடும் வாய்ப்பு எனக்கு அமைந்ததில்லை. ஆனால் உங்கள் தீர்ப்புகளை விடாமல் படிக்கிறவன். 2024 ஜனவரியிலிருந்து 2025 நவம்பர் வரை நீங்கள் வழங்கிய பெரிய தீர்ப்புகளை வரிசையாக எடுத்து வைத்து மறுபடி படித்தேன். பல இடங்களில் நெஞ்சு நிமிர்ந்தது. படித்து முடித்து மூடி வைத்தபோதோ ஒரு பாரம் ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்தப் பாரத்தை உங்களிடமே இறக்கி வைக்கிறேன்.

எங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரிந்த சட்டச் சொல் ஒன்று உண்டு. வாய்தா. என் கட்சிக்காரரான ஒரு மூதாட்டி, தகப்பனார் சொத்தில் பங்கு கேட்டு வழக்குத் தொடுத்தபோது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை அவர் பக்கம் வந்தபோது எழுபது. அந்தப் பங்கைப் பிரித்துக் கையில் தரும் இறுதித் தீர்ப்பாணைக்கான மனு இன்றைக்கும் நடக்கிறது. இதற்குள் எதிர்த்தரப்பார் அந்த மனையில் வீடு கட்டிப் பேரன் திருமணத்தையும் நடத்தி முடித்துவிட்டார்கள். நான்கில் ஒரு பங்கு அவருடையது என்று முத்திரையிட்ட தாளில் இருக்கிறது, தரையில் இல்லை. நகலைக் கையில் கொடுத்தபோது, "ஐயா, நாம் ஜெயித்துவிட்டோமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அன்றிலிருந்து எந்தத் தீர்ப்பைப் படித்தாலும் அதில் என்ன சொல்லியிருக்கிறது என்பதோடு, அது வந்து சேர்ந்த நாளில் காப்பாற்ற என்ன மிச்சம் இருந்தது என்பதையும் பார்க்கப் பழகிவிட்டேன். உங்கள் தீர்ப்புகளையும் அப்படித்தான் படித்தேன்.

கட்சிகளுக்குப் பெயர் வெளியே தெரியாமல் நன்கொடை கொடுக்க வழி செய்த தேர்தல் பத்திரத் திட்டம் பற்றிய தீர்ப்பிலிருந்து தொடங்குகிறேன். 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அத்திட்டத்தைச் செல்லாதென்று அறிவித்தீர்கள். கட்சிக்குப் பணம் கொடுத்தவர் யார் என்று அறிவது வாக்காளரின் உரிமை, அது பேச்சுரிமையோடு பிணைந்தது என்றீர்கள். பாரத ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டு வந்தபோது, மார்ச் 11 அன்று மனுவைத் தள்ளி, மறுநாள் மாலைக்குள் விவரங்களைக் கொடுக்கச் சொன்னீர்கள். அன்று எங்கள் வழக்கறிஞர் அறையில் வேறு பேச்சே இல்லை. தமிழ்நாடு வாக்களித்த ஏப்ரல் 19-க்கு முன்பே யார் வாங்கினார்கள், யாருக்குப் போனது என்பதெல்லாம் வெளியாகிவிட்டது. இதற்காக உங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆனால் அத்திட்டத்தை எதிர்த்த மனுக்கள் 2017-லேயே உங்கள் வாசலுக்கு வந்துவிட்டன. 2018 ஜனவரியில் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2019 ஏப்ரலில், நாடாளுமன்றத் தேர்தல் நடந்துகொண்டிருந்த நேரத்தில், தடை கொடுக்காமல் விவரங்களை மூடிய உறையில் தேர்தல் ஆணையத்திடம் கொடுத்து வைக்கச் சொன்னீர்கள். 2021 மார்ச் 26 அன்று மறுபடி தடை கேட்டார்கள்; மறுத்தீர்கள். தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலுக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு நாட்களே இருந்தன. அப்படியே 16,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட பத்திரங்கள் விற்றுத் தீர்ந்தன. அந்தப் பணத்தில் சுவரொட்டி ஒட்டி, மேடை போட்டு, ஆட்சியும் அமைத்து முடித்த பிறகு, அது அரசமைப்புக்கு விரோதமான வழியில் வந்த பணம் என்று தெரிந்தது. 2024 ஆகஸ்டில் சிறப்புப் புலனாய்வு கேட்டு வந்த மனுக்களையும் நிராகரித்தீர்கள். வாங்கியவர் வாங்கியதை வைத்துக்கொண்டார்.

கடந்து போனதைத் திருத்த நீதிமன்றத்துக்குக் கை நீளாது என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். அதே ஆண்டு ஜூலை 25 அன்று கனிம வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், சுரங்கக் குத்தகைதாரர் செலுத்தும் உரிமைத்தொகையான ராயல்டி வரி ஆகாது, கனிம நிலத்தின் மீது வரி போட மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தீர்கள். தமிழ்நாட்டு வழக்கொன்றில் 1989-இல் ஏழு நீதிபதிகள் வகுத்த நிலை அன்று மாறியது. அடுத்த மாதமே, 2005 ஏப்ரல் 1 முதலான நிலுவையை 2026 ஏப்ரலில் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுத் தவணைகளில் மாநிலங்கள் வாங்கிக்கொள்ளலாம், பழைய காலத்துக்கு வட்டியும் அபராதமும் வேண்டாம் என்று நிதானமாகக் கணக்குப் பார்த்து வழி சொன்னீர்கள். நியாயமான ஏற்பாடு. சுரங்க வரியில் இருபது ஆண்டுக் கணக்கைத் திருப்பிப் பார்க்க முடிந்த நீதிமன்றத்துக்கு, தேர்தல் நிதியில் ஆறு ஆண்டுக் கணக்கைப் பார்க்க முடியாதா?

வேகம் உங்களால் ஆகாதது என்றும் சொல்வதற்கில்லை. சண்டிகர் மேயர் தேர்தலில் நடந்ததை நாடே பார்த்தது. 2024 ஜனவரி 30 அன்று, தேர்தல் நடத்திய அதிகாரி எட்டு வாக்குச்சீட்டுகளில் பேனாவால் குறியிட்டுச் செல்லாதவை ஆக்கினார். பிப்ரவரி 20 அன்று அந்தச் சீட்டுகள் உங்கள் மேசைக்கே வந்தன. கண்ணால் பார்த்தீர்கள், எட்டும் செல்லும் என்றீர்கள், தோற்றவராக அறிவிக்கப்பட்டவரை அன்றே மேயராக்கினீர்கள். மூன்றே வாரம். நான் என் இளைய வழக்கறிஞர்களுக்கு இந்த வழக்கைத்தான் முதலில் படிக்கக் கொடுக்கிறேன்.

2002 குஜராத் கலவரத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான பில்கிஸ் பானுவின் வழக்கில் உங்கள் மேல் எனக்கு மதிப்புக் கூடியது. 2022 ஆகஸ்ட் 15 அன்று பதினொரு குற்றவாளிகளும் குஜராத்தில் தண்டனைக் குறைப்புப் பெற்று வெளியே வந்தார்கள். அந்த விடுதலைக்கு வழிவிட்டது 2022 மே மாதம் உங்கள் நீதிமன்றமே பிறப்பித்த ஓர் உத்தரவு. 2024 ஜனவரி 8 அன்று நீதிபதிகள் பி.வி. நாகரத்னாவும் உஜ்ஜல் புயானும், உண்மைகளை மறைத்துப் பெறப்பட்ட அந்த உத்தரவுக்கு உயிரே இல்லை என்று எழுதி, இரண்டு வாரத்தில் அவர்களைச் சிறைக்குத் திரும்பச் சொன்னார்கள். தன் நீதிமன்றத்தின் பிழையைத் தானே திறந்து காட்டத் தனித் துணிவு வேண்டும். இருந்தாலும் அந்தப் பெண்மணி அந்தப் பதினேழு மாதங்களை எப்படிக் கழித்திருப்பார் என்பதை எந்தத் தீர்ப்புரையிலும் எழுத இடமில்லை.

இடிப்பு வழக்கு வேறு விதமான தாமதம். குற்றம் சாட்டப்பட்டவரின் வீடு என்பதற்காகவே ஒரு வீட்டை இடிக்கக் கூடாது, 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும், இடிப்பைக் காணொளியாகப் பதிய வேண்டும், மீறும் அதிகாரி தன் கைப்பணத்திலிருந்து ஈடு செய்ய வேண்டும் என்று நீதிபதிகள் பி.ஆர். கவாயும் கே.வி. விஸ்வநாதனும் 2024 நவம்பர் 13 அன்று வகுத்தார்கள். தலைக்கு மேல் ஒரு கூரை என்பது ஏழைக் குடும்பத்துக்கு என்ன என்பதை உணர்ந்து எழுதிய தீர்ப்பு அது. ஆனால் டெல்லி ஜஹாங்கீர்புரியில் இடிப்பு இயந்திரங்கள் வந்து நின்றதும், அதை நிறுத்த உங்களிடம் ஓடி வந்ததும் 2022 ஏப்ரலில். நாடு முழுமைக்குமான இடைக்காலத் தடை 2024 செப்டம்பரில் வந்தது. நடுவில் இடிந்த வீடுகளுக்கு இந்த நெறிமுறை எதையும் தரவில்லை. பிரயாக்ராஜில் 2021-இல் வீடிழந்தவர்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொல்லி 2025 ஏப்ரலில் நீங்கள் உத்தரவிட்டதை நான் மறக்கவில்லை. அந்த ஒரு வழக்கில் செய்ததை மற்றவர்களுக்கும் செய்ய ஒரு வழி திறந்து வைக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனின் சிலை நிற்கிறது. பசு மணியை அசைத்ததும் அரசன் இறங்கி வந்தான் என்று அந்தக் கதையைப் பெருமையாகச் சொல்கிறோம். ஒரு வாய்தாகூட இல்லாமல் வழங்கிய நீதி அது. அந்தக் கதையிலும் கன்று திரும்பி வரவில்லை. உடனே வந்த நீதிக்கே அவ்வளவுதான் முடிந்தது என்றால், ஆறு ஆண்டு கழித்து வருகிற நீதியால் எவ்வளவு முடியும்? பணமதிப்பிழப்பு வழக்கில் 2023 ஜனவரி 2 அன்று மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி நாகரத்னாவே, நடவடிக்கை சட்டப்படி ஆனதல்ல என்று கண்ட பிறகும், எல்லாம் நடந்து முடிந்துவிட்டதால் பழைய நிலையை மீட்டுத் தர இயலாது என்று எழுத வேண்டியிருந்தது. 2016 நவம்பரில் வங்கி வாசல்களில் நின்றவர்களுக்கு அந்த மாறுபட்ட தீர்ப்பால்கூட ஒரு ரூபாய் பயன் இல்லை.

இனி என் மண்ணுக்கு நெருக்கமான இரண்டு தீர்ப்புகள்.

2024 அக்டோபர் 3 அன்று, சிறைகளில் சாதி பார்த்து வேலை கொடுப்பதையும் கொட்டடி பிரிப்பதையும் அரசமைப்புக்கு விரோதம் என்று அறிவித்தீர்கள். பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கு அது. துப்புரவு வேலை இன்ன சாதிக்கு, சமையல் வேலை இன்ன சாதிக்கு என்று சிறைக் கையேடுகளிலேயே அச்சடித்து வைத்திருந்தார்கள். சிறைப் பதிவேட்டில் சாதிக் கட்டமே இருக்கக் கூடாது, மூன்று மாதத்தில் கையேடுகளைத் திருத்துங்கள் என்றீர்கள். அந்தத் தீர்ப்பில் பாளையங்கோட்டை மத்திய சிறையின் பெயரும் வருகிறது. அங்கே இன்னின்ன சாதியாருக்கு இன்னின்ன பகுதி என்று பிரித்திருந்தது பேசப்படுகிறது. சண்டை வராமல் இருக்கவே பிரிக்கிறோம் என்ற சமாதானத்தை நீங்கள் ஏற்கவில்லை.

அந்தப் பக்கத்தை நான் மூன்று முறை படித்தேன். ஜாமீன் மனு போடுகிற வழக்கறிஞனாகப் பல முறை சிறை வாசலில் நின்றிருக்கிறேன். எந்தப் பிளாக்கில் இருக்கிறார் என்று கேட்டாலே ஆளின் சாதி தெரிந்துவிடும் என்று மூத்தவர்கள் சாதாரணமாகச் சொல்வார்கள். நானும் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அது வழக்கம் என்றே நினைத்தோம். ஊரிலும் சுடுகாட்டிலும் தேநீர்க் கடையிலும் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, சிறையில் அது தவறாகத் தெரியவில்லை. தீண்டாமையை ஒழித்த, அரசமைப்பின் 17-ஆம் கூறு 1950 ஜனவரி 26 முதல் இருக்கிறது. சிறைக் கதவைத் தாண்ட அதற்கு எழுபத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இந்தத் தாமதத்துக்கு உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேள்வி கேட்டு ஒரு மனுவை எழுதியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று பட்டியல் சாதிகளுக்குள் உள் ஒதுக்கீடு செல்லும் என்று ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தீர்கள். நீதிபதி பேலா திரிவேதி மட்டும் மாறுபட்டார். தமிழ்நாட்டில் 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு என்ற சட்டம் 2009-இல் வந்தது. பட்டியல் சாதிகளை உட்பிரிக்கக் கூடாது என்று 2004-இல் சின்னையா வழக்கில் நீங்கள் கொடுத்த தீர்ப்பின் நிழல் அதன் மேல் விழுந்தே கிடந்தது. ஒவ்வொரு மாணவர் சேர்க்கையின் போதும், 'இது நிலைக்குமா?' என்று அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் கேட்க வேண்டியிருந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கேள்வி ஓய்ந்தது. ஆனால் அந்த வழக்கில் யாரும் கேட்காத ஒன்றை, பட்டியல் சாதியினருக்கும் வசதி படைத்தோரை விலக்கும் வரையறை வேண்டும் என்பதை, நான்கு நீதிபதிகள் தங்கள் உரைகளில் எழுதினார்கள். இது எனக்கு உடன்பாடில்லை. வாதம் கேட்காமல் எழுதிய வரிகள் தீர்ப்பாகாது என்று எங்களுக்குத் தெரியும். செய்தித்தாள் படிக்கிறவருக்குத் தெரியாது. ஓர் அச்சத்தைத் தீர்த்த நாளிலேயே இன்னோர் அச்சத்தை ஏன் விதைக்க வேண்டும்?

அடுத்து ஆளுநர் வழக்கு. இதைச் சொல்லத்தான் இந்த மடலையே தொடங்கினேன்.

2020 ஜனவரி முதல் 2023 ஏப்ரல் வரை தமிழ்நாடு சட்டமன்றம் அனுப்பிய பன்னிரண்டு மசோதாக்கள் ஆளுநர் மாளிகையில் கிடந்தன. பெரும்பாலானவை பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் பற்றியவை. 2023 நவம்பர் 10 அன்று உங்கள் நோட்டீஸ் போனது. மூன்றே நாளில் பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் நிறுத்தப்பட்டது. 18-ஆம் தேதி சட்டமன்றம் சிறப்பாகக் கூடி அந்தப் பத்தையும் மீண்டும் நிறைவேற்றியது. அதன் பிறகு அவை குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்டன. 2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும் ஆர். மகாதேவனும், இது தவறு, பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றவையாகவே கருதப்படும் என்று, முழு நீதி வழங்க உங்களுக்குத் தனி அதிகாரம் தரும் 142-ஆம் கூறின்படி அறிவித்தார்கள். மறுபடி நிறைவேறி வரும் மசோதாவுக்கு ஒரு மாதம், குடியரசுத் தலைவருக்கு மூன்று மாதம் என்று காலக்கெடுவும் வகுத்தார்கள். வாய்தாவுக்கு ஓர் எல்லை கண்ட தீர்ப்பு என்று நான் என் நாட்குறிப்பில் எழுதி வைத்தேன்.

மே மாதம் குடியரசுத் தலைவர் பதினான்கு கேள்விகளை அனுப்பினார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகக் கருத்துரைத்தீர்கள். ஆளுநருக்கோ குடியரசுத் தலைவருக்கோ நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது. ஒப்புதல் பெற்றதாகக் கருதுவது என்பது அரசமைப்பில் இல்லாதது என்றீர்கள். மசோதாவைத் திருப்பி அனுப்பாமல் ஒப்புதலை வெறுமனே நிறுத்தி வைக்கவும் ஆளுநருக்கு வழியில்லை என்று அதே கருத்துரையில் சொன்னீர்கள். அது நல்ல பகுதி, அதற்கு நன்றி. காரணமில்லாமல் நீண்ட காலம் சும்மா இருந்தால், முடிவெடுங்கள் என்று மட்டும் நீதிமன்றம் சொல்லலாம் என்றும் ஒரு சிறு கதவைத் திறந்து வைத்தீர்கள்.

நீதியரசர்களே, 200-ஆம் கூறு மசோதாவைத் திருப்பி அனுப்புவதற்கு 'இயன்ற அளவு விரைவாக' என்று சொல்கிறது. அரசமைப்பு நிர்ணய சபை முன் இருந்த வரைவில், குடியரசுத் தலைவர் மசோதாவைத் திருப்பி அனுப்புவது பற்றிய இதே போன்ற கூற்றில் 'ஆறு வாரத்துக்கு மிகாமல்' என்று இருந்தது, பிறகுதான் மாற்றினார்கள். ஆறு வாரத்தையே நீளமாக நினைத்த காலம் அது. எழுதாமல் விட்ட எண்ணுக்குள் மூன்று ஆண்டுகள் நுழையும் என்று அந்தச் சபையில் இருந்த யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். நாளைக்கு ஒரு மசோதா இரண்டு ஆண்டு கிடந்தால் மாநிலம் என்ன செய்யும்? உங்களிடம் வரும். நோட்டீஸ் போகும். பதில் மனுவுக்கு அவகாசம் கேட்பார்கள். தமிழ்நாட்டு வழக்கு அப்படித்தான் நோட்டீஸிலிருந்து தீர்ப்பு வரை பதினேழு மாதம் எடுத்தது. 'நீண்ட காலம்' என்றால் எவ்வளவு என்று முடிவு செய்யவே ஒரு நீண்ட காலம் ஆகும். ஐந்தாண்டு ஆயுள் கொண்ட சட்டமன்றத்தால் இதைத் தாங்க முடியாது.

பிணை பற்றி ஒரு பத்தி மட்டும். 2024 ஆகஸ்ட் 9 அன்று டெல்லியின் முன்னாள் துணை முதலமைச்சர் மணீஷ் சிசோடியாவுக்கு, பதினேழு மாதச் சிறைக்குப் பிறகு, பிணை கொடுத்தபோது, விசாரணை நீதிமன்றங்களும் உயர் நீதிமன்றங்களும் பிணை கொடுக்கத் துணியாமல் பாதுகாப்பாக ஒதுங்கப் பார்க்கின்றன என்று எழுதினீர்கள். அந்த வரியை எங்கள் மாஜிஸ்திரேட் முன் நான் வாசித்திருக்கிறேன், பலனும் கண்டிருக்கிறேன். அதே அளவுகோல் டெல்லி கலவர வழக்கில் 2020 செப்டம்பரில் கைதான உமர் காலித் விஷயத்தில் எங்கே போனது? உங்கள் முன் இருந்த அவருடைய பிணை மனு மீண்டும் மீண்டும் தள்ளிப்போய், கடைசியில் 2024 பிப்ரவரியில் அவரே அதைத் திரும்பப் பெற்றார். குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்று நான் பேசவில்லை. 2025 செப்டம்பரோடு, விசாரணையே தொடங்காமல் ஐந்து ஆண்டு கடந்துவிட்டது.

உங்கள் சுமையை நான் அறியாதவன் அல்லன். முப்பத்து நான்கு இருக்கைகள், 80,000-க்கும் மேற்பட்ட நிலுவை வழக்குகள். எங்கள் நீதிபதி காலை பத்தரைக்கு அழைப்புப் பட்டியலைப் பார்க்கும்போது அவர் முகம் போகிற போக்கை நான் தினமும் பார்க்கிறேன். உங்கள் முகமும் அப்படித்தான் இருக்கும். அதனால் பெரிதாக எதையும் கேட்கவில்லை.

ஒரு சட்டமோ திட்டமோ அரசமைப்பை மீறுகிறது என்ற வழக்கில் தடை கொடுக்க மறுக்கிறீர்களா, அதே உத்தரவில் இறுதி விசாரணைக்குத் தேதி போடுங்கள். தேர்தலையோ வீட்டையோ தொடுகிற வழக்கானால் அந்தத் தேதி அடுத்த தேர்தலுக்கும் அடுத்த இடிப்புக்கும் முன்னால் இருக்கட்டும். எங்கள் கீழமை நீதிமன்றங்களில் ஒரு வழக்கு எந்த ஆண்டு எண் கொண்டது, எத்தனை வாய்தா கண்டது என்பது கட்டின் மேலேயே தெரியும். பெரிய அமர்வுக்கு அனுப்பிய வழக்குகளுக்கும், அனுப்பிய நாள், பட்டியலிட்ட நாட்கள், தள்ளிய காரணம் ஆகியவற்றை எல்லோரும் பார்க்க வெளியிடுங்கள். தனியார் சொத்து பற்றிய 39(பி) வழக்கு 2002-இல் ஒன்பது நீதிபதிகளுக்கு அனுப்பப்பட்டு 2024 நவம்பர் 5 அன்று முடிந்தது. அந்த இருபத்திரண்டு ஆண்டுகளுக்குக் காரணம் எழுதிய ஒரு தாளாவது இருக்க வேண்டும்.

இன்னொன்று, மொழி. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களில் இந்தி ஒலிக்க 348-ஆம் கூறு இடம் கொடுத்தது. சென்னையில் தமிழ் ஒலிக்க 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டு இன்னும் காத்திருக்கிறது. உங்கள் தீர்ப்புகளின் தமிழாக்கம் இப்போது வருவது மகிழ்ச்சி. சிறைத் தீர்ப்பைப் போன்றவை முதலில் வரட்டும். யாருக்காக எழுதினீர்களோ அவர்கள் படிக்க வேண்டும்.

கடைசியாக, அந்தச் சிறைத் தீர்ப்பில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக் குழுக்களும் சிறைப் பார்வையாளர் குழுக்களும் ஆய்வு செய்து சாதிப் பாகுபாடு ஒழிந்ததா என்று அறிக்கை தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்த அறிக்கைகளை நீங்களே ஒரு நாள் திறந்த நீதிமன்றத்தில் எடுத்துப் படியுங்கள். பாளையங்கோட்டையில் இப்போது யார் எந்தப் பிளாக்கில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். நானும் எங்கள் மாவட்டக் குழுவில் சேர என் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.

மரியாதையுடன்,
முன்சீப் நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவர்